சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடு

‘மறுவாழ்வு மையம்’ என்ற ஒரே பலகையின் கீழ் தமிழில் நாம் நான்கைந்து வேறு வேறு இடங்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம். குடியை நிறுத்த மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியும் அதுதான், மூன்று மாதம் தங்கிச் சிகிச்சை பெறும் இடமும் அதுதான், சிறையிலிருந்து வந்தவர்கள் தங்கும் விடுதியும் அதுதான். அமெரிக்கச் செய்திகளில் ‘ஹாஃப்வே ஹவுஸ்’ என்று வந்தால் அதற்கும் இதே பெயர்.

பெயர் குழம்பினால் கேள்வியும் குழம்பும். “அங்கே என்ன சிகிச்சை கொடுக்கிறார்கள்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். ஹாஃப்வே ஹவுஸில், அதாவது சிறைக்கோ சிகிச்சைக்கோ பிறகு சிலகாலம் தங்கும் இடைக்கால வீட்டில், பெரும்பாலும் சிகிச்சை எதுவும் கிடையாது. அது ஒரு வீடு. சமையலறை, குளியலறை, இரண்டிரண்டு கட்டில் போட்ட அறைகள், வாடகை, குப்பை எடுத்து வைக்கும் முறை, அவ்வளவுதான். வெறும் வீடு எப்படி ஒருவரைக் காப்பாற்றும் என்பது நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டுகளை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இந்த வகை வீடுகளைப் பல வடிவங்களில் நடத்திப் பார்த்த அனுபவம் அங்கே நிறைய இருக்கிறது. வெற்றியும் தோல்வியும் ஆய்வுகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பதிவாகியிருக்கின்றன.

## பச்சை பிடிக்கும் வரை

நாற்றங்காலில் செழித்து நின்ற நாற்றைப் பறித்து வயலில் நட்டால் முதல் சில நாட்கள் அது வாடும். இலை மஞ்சளாகும், தலை சாயும். விவசாயி பதறுவதில்லை. “பச்சை பிடிக்கட்டும்” என்பார். அதுவரை தண்ணீரை அளவாக நிறுத்துவார், அப்போதே உரத்தைக் கொட்டமாட்டார். நாற்று மட்டம் என்றோ வயல் மட்டம் என்றோ அவர் சொல்வதில்லை. ஓரிடத்திலிருந்து வேர் பிடுங்கி இன்னோரிடத்தில் வைத்தால் நடுவில் ஒரு தள்ளாட்டக் காலம் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

சிறையில் இருப்பவர் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது என்று எதையும் முடிவு செய்வதில்லை. சாவி என்ற பொருளையே கையில் தொட்டு வருடங்கள் ஆகியிருக்கும். தங்கிச் சிகிச்சை பெறும் இடத்திலும் கொஞ்சம் இப்படித்தான்: நாள் முழுவதும் வேறொருவர் போட்ட அட்டவணை. வெளியே வந்த அன்றைக்கே பஸ் கட்டணம், போன், அடையாள அட்டை, இரவு எங்கே படுப்பது, பழைய கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது என்று எல்லா முடிவும் ஒரே நாளில் தலையில் விழுகிறது. கலிஃபோர்னியா மாநிலச் சிறையிலிருந்து வெளியே வருபவருக்குக் கையில் கொடுக்கும் பணம் 200 டாலர். அங்கே ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸுக்கும் ஒரு ஜோடி உடைக்கும் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் அதில் பெரும்பகுதி போய்விடும்.

இந்தத் தள்ளாட்டக் காலத்துக்கான வசிப்பிடம்தான் இடைக்கால வீடு. மது, போதை இல்லாத, அதே நிலையில் உள்ள சிலரோடு சேர்ந்து, வாடகையும் வீட்டு வேலையும் பகிர்ந்துகொண்டு, சொந்தக்காலில் நிற்கும் வரை வாழும் வீடு. அமெரிக்காவின் வீட்டுவசதித் துறை வீடற்றோருக்கான தன் திட்டங்களில் இதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 24 மாதம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் மூன்றையும் இங்கேயே பிரித்துவிடலாம். உடம்பிலிருந்து போதை இறங்கும்போது வரும் நடுக்கம், வலிப்பு போன்றவற்றை மருத்துவர் கண்காணிப்பில் கடக்க வைப்பது டீடாக்ஸ். அது சில நாள் வேலை. ஆலோசகரும் மருத்துவரும் வைத்து வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நடத்துவது உறைவிடச் சிகிச்சை. இன்றிரவு படுக்க ஒரு கட்டில் தந்து, பல இடங்களில் காலையில் வெளியே அனுப்பிவிடுவது இரவுக் காப்பகம். இடைக்கால வீடு இந்த மூன்றுக்கும் பிறகோ, மூன்றும் இல்லாமலோ வருவது.

யோசனை புதிதல்ல. நியூயார்க்கில் சிறையிலிருந்து வெளிவந்த பெண்களுக்காக ஐசக் ஹாப்பர் பெயரில் ஓர் இல்லம் 1845-லேயே திறக்கப்பட்டது.

சுருக்கமாக: பழைய இடத்தின் அட்டவணையும் புதிய இடத்தின் சுதந்திரமும் சந்திக்கும் காலம் ஆபத்தானது. அந்தக் காலத்துக்கான வீடு இது. ஆஸ்பத்திரியோ சத்திரமோ அல்ல.

## முதல் இரண்டு வாரத்தில் என்ன நடக்கிறது

இந்த விஷயத்தில் பரவலாக இருக்கும் தவறான எண்ணங்களில் உயிரையே எடுக்கக்கூடியது ஒன்று உண்டு. “உள்ளே இரண்டு வருஷம் தொடவே இல்லை, இனிமேல் பயமில்லை” என்பது அது.

தினமும் மூட்டை தூக்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ மூட்டை அவருக்குச் சாதாரணம். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்துவிட்டு எழுந்து, அதே மூட்டையை அதே வேகத்தில் தோளில் ஏற்றினால் முதுகு முறியும். மூட்டையின் எடை மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. ஆனால் அவர் மனதில் ‘நான் 80 கிலோ தூக்குகிறவன்’ என்ற நினைப்பு அப்படியே இருக்கும்.

ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு போதைப்பொருட்களில் நடப்பது இதேதான். தொடர்ந்து எடுக்கும்போது உடம்பு பழகி, அதே விளைவுக்கு மேலும் மேலும் கேட்கும். இதுதான் தாங்குதிறன். நிறுத்தினால் தாங்குதிறன் இறங்கிவிடும், ஆசை மட்டும் இறங்குவதில்லை. பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும்.

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. விடுதலைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து, அதே வயது, பால், இனத்தைச் சேர்ந்த மற்ற குடிமக்களைவிட 12.7 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்தை மட்டும் எடுத்தால் 129 மடங்கு. இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது ஏதோ தசமப்புள்ளி தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். தவறவில்லை.

இனி, வீடு இதில் என்ன செய்யும்? நலோக்ஸோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. மூக்கில் அடிக்கலாம். மூளையில் ஓபியாய்டு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் மூச்சைத் திரும்ப வரவைக்கும். ஆனால் மயங்கிக் கிடப்பவர் தனக்குத் தானே அதை அடித்துக்கொள்ள முடியாது. அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பூட்டிய லாட்ஜ் அறையில் தனியாக இருப்பவருக்கும், இரண்டு கட்டில் போட்ட அறையில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் சில நேரங்களில் இவ்வளவுதான். ஆகவே இடைக்கால வீட்டைத் திட்டமிடுகிறவர் ஆளுக்கொரு தனியறைதான் வசதி என்று நினைத்து அதையே தேர்ந்துவிடக் கூடாது. பகிர்ந்த அறை பணத்தையும் மிச்சப்படுத்தும், உயிரையும் மிச்சப்படுத்தும்.

இன்னொரு முடிவும் இங்கேயே எடுத்தாக வேண்டும். மெத்தடோன், பூப்ரினார்ஃபின் என்ற மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்தால் ஓபியாய்டு ஏக்கம் அடங்கும், சாவும் குறையும். ஆனால் “அதுவும் ஒரு போதைதானே” என்று சொல்லி இந்த மருந்து எடுப்பவர்களைச் சேர்க்க மறுக்கும் வீடுகள் அமெரிக்காவில் இன்னும் இருக்கின்றன. இதை நான் தவறு என்றே நினைக்கிறேன். இன்சுலின் எடுப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் வீடு இவரையும் சேர்க்க வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க ஒவ்வொருவருக்கும் சிறு பெட்டி, எண்ணிக்கை எழுத ஒரு நோட்டு: ஏற்பாடு இவ்வளவுதான்.

சுருக்கமாக: ஆசை போகும் முன்னே தாங்குதிறன் போய்விடுகிறது. அதனால்தான் விடுதலையான பதினைந்து நாள் இவ்வளவு அபாயம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருப்பதே முதல் பாதுகாப்பு.

## முகவரி இல்லாதவர் எதுவும் இல்லாதவர்

அமெரிக்காவில் ‘ஜெயில்’ வேறு, ‘பிரிசன்’ வேறு. விசாரணைக்குக் காத்திருப்பவரும் குறுகிய தண்டனை பெற்றவரும் இருப்பது உள்ளூர் ஜெயில். பொதுவாக ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்கு மாநில அல்லது மத்திய பிரிசன். இந்தப் பிரிசன்களிலிருந்து மட்டும் சாதாரணமாக ஓர் ஆண்டில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியே வருகிறார்கள்.

‘பரோல்’ என்ற சொல்லும் குழப்பும். நம் ஊரில் பரோல் என்றால் அம்மா இறந்ததற்கோ தங்கை கல்யாணத்துக்கோ சில நாள் வெளியே வந்து திரும்பிப் போவது. அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனைக் காலம் முடியும் முன் நிபந்தனையோடு வெளியே விடப்பட்டு, ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் மிச்சக் காலத்தைக் கழிப்பது. அந்த அதிகாரி முதலில் கேட்பது, “எங்கே தங்கப் போகிறாய்?” என்றுதான். அவர் ஏற்கக்கூடிய முகவரி இல்லாததால், விடுதலைக்குத் தகுதி பெற்ற பிறகும் உள்ளேயே காத்திருக்கிறவர்கள் உண்டு.

முகவரி இல்லாவிட்டால் அடையாள அட்டை வாங்குவது கஷ்டம். அட்டை இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் வாடகை இல்லை. வாடகை கையில் இருந்தாலும் வீட்டுக்காரர் குற்றப் பின்னணியைச் சரிபார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார். சிறை சென்றவர்கள் வீடற்றவர்களாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று சிறைக் கொள்கைகளை ஆராயும் ஓர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டது. 2005-ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களில் 68 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குள் மறுபடி கைதானதாக நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு சொல்கிறது. அதற்கு வீடு இல்லாதது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சங்கிலியில் வெளியாள் ஒருவரால் நேராகப் போட்டுக் கொடுக்கக்கூடிய கண்ணி வீடுதான். வேலையை நாம் இன்னொருவருக்காகச் செய்ய முடியாது, மனதை மாற்றித் தர முடியாது. முகவரியைத் தர முடியும்.

## இரண்டு விதமாக நடத்தலாம்

ஒரு வகையில் ஊழியர்கள் இருப்பார்கள். அமெரிக்க மத்திய சிறைத்துறை தன் கைதிகளைத் தண்டனையின் கடைசி மாதங்களில் இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்புகிறது. 2008-ல் கையெழுத்தான ‘இரண்டாம் வாய்ப்புச் சட்டம்’ இதற்கான காலத்தை 12 மாதம் வரை நீட்டியது. ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிறார்கள். தங்கியிருப்பவர் பகலில் வேலைக்குப் போகலாம், இரவு எண்ணிக்கைக்குத் திரும்ப வேண்டும். அனுமதியில்லாமல் போனால் சிறையிலிருந்து தப்பியதாகவே கணக்கு. சரியாகச் சொன்னால் அது தளர்த்தப்பட்ட சிறை.

மற்ற வகையில் ஊழியரே கிடையாது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1975-ல் மேரிலாண்ட் மாநிலத்தின் சில்வர் ஸ்ப்ரிங் நகரில், குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்தவர்கள் தங்கியிருந்த ஹாஃப்வே ஹவுஸ் ஒன்று பணமில்லாமல் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. அங்கே தங்கியிருந்த பால் மல்லாய் என்பவரும் உடனிருந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். மேற்பார்வையாளர் சம்பளத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? வாடகை, மின்சாரம், சாப்பாடு. இதை நாமே பங்கு போட்டுக் கட்டினால் என்ன? அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்தார்கள். ‘ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்’ என்ற பெயரில் அது இன்று அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளாகப் பரவியிருக்கிறது.

விதிகள் மூன்றுதான். வீடு ஜனநாயக முறையில் நடக்க வேண்டும். செலவை வீட்டாரே ஏற்க வேண்டும். குடித்தாலோ போதைப்பொருள் எடுத்தாலோ உடனே வெளியேற வேண்டும். இவற்றைச் செயல்படுத்தும் முறை இன்னும் சுவையானது. வாரம் ஒரு கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர், வீட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவர் என்று பொறுப்புகள், எல்லாம் ஆறு மாதத்துக்கு மட்டும். புதிதாக ஒருவர் சேர வேண்டுமானால் அவரை நேர்காணல் செய்து வாக்கெடுப்பார்கள். 80 விழுக்காட்டு ஆதரவு வேண்டும்.

நம் ஊரில் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வந்த நான்கைந்து பையன்கள் சேர்ந்து ‘மெஸ்’ போடுவார்களே, அதை நினைத்துக்கொள்ளலாம். அரிசிக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், மாதக் கடைசியில் சண்டை, அடுத்த மாதம் மறுபடி சேர்ந்து சாப்பாடு. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே வீட்டின் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர், போன வருடம் போதைக்காக வீட்டுச் சாமானை விற்றவராக இருக்கலாம். பொறுப்பு கொடுப்பது அவர் குணமான பிறகு தரும் பரிசாக இல்லை, குணமாகும் வழியாகவே அதை வைத்திருக்கிறார்கள்.

இது வேலை செய்கிறதா என்று டிபால் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஜேசன் குழு சோதித்தது. உறைவிடச் சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆக்ஸ்ஃபோர்டு வீடுகளுக்கும் மறுபாதியை வழக்கமான பின்தொடர் கவனிப்புக்கும் அனுப்பினார்கள். 24 மாதம் கழித்துப் பார்த்தபோது போதைப் பயன்பாடு வீட்டில் இருந்தவர்களில் 31.3 விழுக்காடு, மற்றவர்களில் 64.8. மாத வருமானம் 989 டாலருக்கு எதிராக 440. சிறையில் இருந்தவர்கள் 3 விழுக்காட்டுக்கு எதிராக 9. இந்த முடிவுகள் 2006-ல் வெளியாயின. 150 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் குலுக்கிப் பிரித்ததால், ‘நல்லவர்கள் மட்டும் அங்கே போயிருப்பார்கள்’ என்ற மறுப்பு நிற்காது.

இரண்டுக்கும் வெளியே பெரிய அளவில் நடப்பதும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1971-ல் தொடங்கிய டிலான்சி ஸ்ட்ரீட் அமைப்பில் குறைந்தது இரண்டு வருடம் தங்க வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் தொழில் போன்றவற்றைத் தங்கியிருப்பவர்களே நடத்துகிறார்கள். கடற்கரையோரம் உள்ள அவர்களுடைய பெரிய கட்டடத்தையும் அவர்களே கட்டினார்கள். சிங்கப்பூரில் இந்து அறக்கட்டளை வாரியம் ‘ஆசிரமம்’ என்ற பெயரில் ஒரு ஹாஃப்வே ஹவுஸை நடத்துகிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் அங்குள்ள இந்தியர்களுக்கு, மொழியும் சாப்பாடும் பண்டிகையும் தெரிந்த இடம் அது. திட்டம் போடுகிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொங்கலன்று பொங்கல் வைக்கும் வீட்டில் ஒருவர் இருந்து பார்க்கும் காலம், வெறும் கட்டில் கிடைக்கும் இடத்தில் இருக்கும் காலத்தைவிட நீளும்.

சுருக்கமாக: காவல் உள்ள வீடு கண்காணிக்கும், காவல் இல்லாத வீடு பழக்கும். கடும் மனநோய் உள்ளவருக்கோ, நேற்றுத்தான் டீடாக்ஸ் முடித்தவருக்கோ ஊழியர் உள்ள இடம் பொருத்தம். வேலைக்குப் போகக்கூடிய ஒருவருக்கு இரண்டாவது.

## கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். எட்டுக் கட்டில். வாடகை 3,200 டாலர், மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் 800. மொத்தம் 4,000. எட்டால் வகுத்தால் தலைக்கு 500.

இந்த 500-ஐ வைத்துத் திட்டமிட்ட வீடு விரைவில் மூடிவிடும். ஒரு கட்டில் எப்போதும் காலியாக இருக்கும், ஏனென்றால் ஒருவர் போய் இன்னொருவர் வர நாளாகும். புதிதாக வந்தவருக்கு முதல் சம்பளம் வரும் வரை கட்ட முடியாது. ஆக ஆறு பேர் பணத்தில் எட்டுப் பேர் வீடு ஓட வேண்டும்: தலைக்கு 667. இவ்வளவு கட்ட முடியாது என்றால், முதல் மாதங்களின் பள்ளத்தை நிரப்ப வெளியிலிருந்து ஒரு தொகை வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 1988-ல் போதைத் தடுப்புச் சட்டத்தில் செய்த ஏற்பாடு இந்தப் பள்ளத்துக்குத்தான். ஆறு பேருக்குக் குறையாத குழு தொடங்கும் வீட்டுக்கு 4,000 டாலர் வரை கடன், இரண்டு வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பி வந்த பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். முன்பணமும் முதல் மாத வாடகையும் போட அது அப்போது போதுமானதாக இருந்தது.

வீடு எத்தனை பேருக்கு என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. மூன்று பேர் என்றால் ஒருவர் போனால் வீடு போச்சு. இருபது பேர் என்றால் யார் வந்தார், யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

## அக்கம்பக்கத்தார்

இப்படி ஒரு வீடு வரப்போகிறது என்றதும் தெருவில் கூட்டம் கூடும். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. குழந்தைகள் விளையாடும் தெரு என்றால் யாருக்கும் கவலை இருக்கும். ஆனால் பயம் சட்டமாகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் எட்மன்ட்ஸ் நகரம் ஓர் உதாரணம்.

எந்தத் தெருவில் எந்த வகைக் கட்டடம் இருக்கலாம் என்று நகராட்சி வகுக்கும் விதி மண்டல விதி. எட்மன்ட்ஸின் விதிப்படி ‘ஒற்றைக் குடும்பம்’ உள்ள பகுதியில், உறவினர் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாழலாம். உறவில்லாதவர்கள் என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடாது. அங்கே இருந்த ஆக்ஸ்ஃபோர்டு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். பணத்துக்கும் குணத்துக்கும் எட்டு முதல் பன்னிரண்டு பேர் தேவை என்பது அவர்கள் வாதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நெரிசலைத் தடுக்கும் விதி என்றால் அது அந்த வீட்டில் வாழும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், ‘குடும்பம் யார்’ என்று வரையறுக்கும் விதி, நெரிசல் விதிகளுக்கு வீட்டுவசதிச் சட்டம் தரும் விலக்கின் கீழ் வராது என்றது நீதிமன்றம்.

இதற்குப் பின்னால் 1988-ல் திருத்தப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவரை அது மாற்றுத்திறனாளியாகக் கருதிப் பாதுகாக்கிறது. இப்போதும் சட்டவிரோதப் போதைப்பொருள் எடுப்பவரை அல்ல. சிறை சென்றவர் என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. ஆக ஒரே வாசலில் ஒரே நாளில் வெளியே வந்த இருவரில், போதையிலிருந்து மீள்பவருக்குச் சட்டத்தின் கை இருக்கிறது, திருட்டுக்குப் போனவருக்கு இல்லை. திட்டமிடுகிறவர் தன் வீடு யாருக்கு என்று எழுதும் முதல் வரியிலேயே இந்த வேறுபாடு வந்து நிற்கும்.

## விழுந்தால் என்ன செய்வது

நிறுத்தியவர் மறுபடி தொடங்குவதை மருத்துவர்களும் உடனிருப்பவர்களும் ரிலாப்ஸ் என்கிறார்கள். போதை நோயில் அது சாதாரணமாக நடப்பது. வீட்டின் விதி அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் நல்லவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு.

உடனே வெளியேற்று என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு. ஒரு வீட்டில் எட்டுப் பேர் தத்தளித்து நீந்திக்கொண்டிருக்கும்போது, ஒருவர் பாட்டிலோடு உள்ளே வந்தால் மற்ற ஏழு பேரையும் அது இழுக்கும். இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் நோயாளி நோயின் அறிகுறியைக் காட்டிய இரவில் அவரைத் தெருவில் விடுவது, மேலே சொன்ன தாங்குதிறன் கணக்கின்படி, அவரைச் சாவின் வாசலில் விடுவது. ஆகவே ‘வெளியேற வேண்டும்’ என்று எழுதும் அதே வரியில் ‘எங்கே’ என்பதையும் எழுத வேண்டும். எந்த டீடாக்ஸ் பிரிவுக்குப் போன் செய்வது, யார் கூட்டிப் போவது, அவருடைய சாமான் எத்தனை நாள் வீட்டில் இருக்கும், நலோக்ஸோன் அவர் கையில் கொடுத்தனுப்பப்படுகிறதா. இந்த நான்கும் எழுதப்படாத வீட்டை நான் நம்பமாட்டேன்.

## ஏமாற்றும் வீடுகள்

அரிசோனாவில் 2023 மே மாதம் ஆளுநரும் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ‘சோபர் ஹோம்’, அதாவது போதையில்லா வீடு, என்ற பெயரில் மோசடிக்காரர்கள் பூர்வகுடி மக்களை, குறிப்பாக நவஹோ மக்களை, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அடைத்து, கொடுக்காத சிகிச்சைக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் பெருந்தொகை கறந்திருக்கிறார்கள். அரசு பணத்தை நிறுத்தியதும் வீடுகள் மூடின, உள்ளே இருந்தவர்கள் ஊர் பெயர் தெரியாத நகரத்தில் தெருவில் நின்றார்கள்.

வீடு நல்லதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: பணம் எங்கிருந்து வருகிறது? தங்கியிருப்பவர் வாடகை கட்டுகிறார், அரசோ தொண்டு அமைப்போ பற்றாக்குறையை நிரப்புகிறது, கணக்கு கூட்டத்தில் படிக்கப்படுகிறது என்றால் சரி. ‘உங்களுக்கு எல்லாம் இலவசம், காப்பீட்டு எண்ணை மட்டும் கொடுங்கள்’ என்றால் அந்தப் படியில் ஏறாதீர்கள்.

## எல்லாருக்கும் இது தேவையா

தேவையில்லை. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், மனநோயோடு தெருவில் வாழ்ந்தவர்களுக்கு எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் நேராக நிரந்தர வீடு கொடுத்துப் பார்த்தார். குடியை நிறுத்தினால்தான் வீடு என்று அவர் சொல்லவில்லை. பெரும்பாலோர் வீட்டில் நிலைத்தார்கள். ‘வீடு முதலில்’ என்று இதற்குப் பெயர். இடைக்கால வீட்டைத் தகுதித் தேர்வு போல எல்லாருக்கும் கட்டாயமாக்கினால், தேர்வில் தோற்றவர் மறுபடி தெருவுக்குத்தான் போவார். சேர்ந்து வாழ விரும்புகிறவருக்கும், போதையில்லாத சுற்றத்தைத் தானே தேடுகிறவருக்கும் இடைக்கால வீடு. தனி வீட்டில் மருத்துவ உதவியோடு இருக்க வேண்டியவருக்கு ‘வீடு முதலில்’. இரண்டு வாசலும் ஊரில் திறந்திருக்க வேண்டும்.

## முதல் இரவு

ஒரு வீட்டைத் தொடங்க நினைக்கும் நண்பர் யாராவது கேட்டால், திட்டத்தைக் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டாம், முதல் இரவிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பல ஊர்களில் ஜெயில் கதவு நள்ளிரவிலும் திறக்கும். அந்த நேரத்தில் யார் வண்டியோடு நிற்பார்? போன் இல்லாதவர் நம்மை எப்படிக் கூப்பிடுவார்? உள்ளே தினமும் மாத்திரை சாப்பிட்டவருக்கு நாளைக் காலை மாத்திரை எங்கே? வீட்டுக்கு வந்ததும் அவருக்குச் சூடாக ஏதாவது இருக்கிறதா? காலையில் அடையாள அட்டைக்கும் பரோல் அதிகாரியிடமும் கூடப் போவது யார்? இதற்கெல்லாம் ஆள் பெயர் எழுதிய ஒரு தாள் தயாரான பிறகுதான் கட்டில் வாங்க வேண்டும்.

அந்தத் தாளில் கடைசியாக ஒரு வரி: வாசல் சாவி. அதன் நகல் ஒன்று முதல் இரவே அவர் கைக்குப் போக வேண்டும். யார் கொடுப்பது என்று ஒரு பெயர் அங்கேயும் எழுதுங்கள். அதே கதவால் சென்ற வருடம் உள்ளே வந்த ஒருவர் கொடுத்தால் நன்றாக இருக்கும்.